இன்னொரு அட்டை

சாவடி என்றுதான் சொன்னார் டொக்டர்.
உடம்புக்குள்ளும் இருக்கிறதாம்.
காவல் அணு மறிக்கும், அட்டை பார்க்கும்,
நம்மாள் என்றால் விடும்.
கள்ள அட்டை காட்டித்தான் இத்தனை நாளும்
என் நுரையீரலில் குடியிருந்திருக்கிறது அது.
"இந்த மருந்து ஏறினால், அம்மா,
அந்த அட்டை செல்லாது."

அப்ப உண்மையான அட்டை வைத்திருக்கிறவை?
நான் கேட்டேன்.
மாத்தறைக்காரர். தமிழ் தேடித் தேடி வரும்.
கொஞ்சம் பொறுத்து,
"அதைத்தான் நீங்க கவனிக்கோணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பாலையூற்றிலிருந்து தபால் கந்தோருக்குப்
பத்தொன்பது வருஷம் போய்வந்தவளுக்கு
இதை விளங்கப்படுத்த ஒரு படமும் தேவையில்லை.

ஜெஸீமா மிஸ்தான் இந்த அட்டையைத் தந்தா.
கிண்ணியாக்காரி, பேச்சில் சுற்றுவழி இல்லை.
"தலைமுடி கொட்டாது. அதால
லேசான மருந்தெண்டு நினைக்காதீங்க.
இருமல் புதுசா வந்தா, படியேற மூச்சு வாங்கினா,
தோல் தடிச்சா, கண் மஞ்சளிச்சா,
ஆவணி வெயிலிலயும் உங்களுக்கு மட்டும் குளிர்ந்தா,
சின்ன விசயமெண்டு வீட்டில வைக்காதீங்க.
ராவெண்டாலும் எடுங்க."

மூன்றாம் முறை ஏற்றிப் பதினோராம் நாள்
வயிறு கழன்றது.
முதல்நாள் திருக்கை வறை.
பழியை அதன்மேல் போட்டுவிட்டுப் படுத்தேன்.
கலாவதி மச்சாள் மாதுளந்தோல் அவித்து வந்தா.
தெய்வேந்திரம் பார்மசியில் சொல்லி
வயிறு கட்டுகிற குளிசை நாலு வாங்கி வந்தார்.
எல்லாருக்கும் ஒரு மருந்து தெரிந்திருந்தது.

அட்டையில் எழுதியிருந்தது:
வழமையைவிட நாலு தரம் கூடினால்.
கடிதம் எண்ணிப் பழகிய கை எனக்கு,
கணக்குப் பிழைக்காது.
பொழுதுபட ஐந்து. பதினொன்றுக்கு ஏழு.
பிறகு கொஞ்சம் சிவப்பு.

அப்போதும் யோசித்தேன்,
இந்த நேரத்தில் ஒருவரை எழுப்புவதா என்று.
இரவில் வெளிக்கிடாத ஊரில் வளர்ந்த யோசனை அது,
லேசில் சாகாது.

மிஸ் இரண்டாம் மணியிலேயே எடுத்தா.
எத்தனை தரம், இரத்தம் எவ்வளவு, எங்கே நோ,
காய்ச்சல் உண்டா?
"கசாயமும் வேண்டாம் குளிசையும் வேண்டாம்.
இப்பவே வாங்க. அட்டையை மறக்காதீங்க."

ஓட்டோ மெதுவாகத்தான் போனது.
மைதானத்திலிருந்து இறங்கிய மான்கள்
நடுறோட்டில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன,
ஹோர்ன் அடித்தும் எழும்பவில்லை.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு
அவற்றின் புள்ளிகளை எண்ணினேன்.

வார்ட்டில் ஒரு சின்ன டொக்டர், தூக்கம் கலையாத முகம்.
"சாப்பாடு பிழைச்சிருக்கும். சேலைன் போடுவம்."

நீட்டினேன்.
யாரும் கேட்காமல், நானாக,
ஆயுளில் முதல் தடவை ஓர் அட்டையை நீட்டினேன்.

வாசித்தார். திருப்பி வாசித்தார்.
கதிரையை விட்டெழும்பி
மகரகமவுக்கு அழைத்தார்.

காவல் என் குடலையே சுட்டுக்கொண்டிருந்ததாம்.
ஸ்டீரொயிட் ஏற்றி நிறுத்தினார்கள்.
பிறகு வீட்டில் குளிசை, கிழமைக்குக் கிழமை குறைத்து.
சுகம் என்று நீயாக விட்டுவிடாதே என்பது
ஐந்து பேர் தனித்தனியே சொன்னது.
முகம் ஊதியது.
"நல்லாக் கொழுத்திட்டாய்" என்றா மச்சாள்,
மாதுளந்தோல் குடிக்காத கோபம் இன்னும் இருக்கிறது அவவுக்கு.

மருந்து நின்று எட்டு மாதம்.
படத்தில் அது சுருங்கிக் கிடக்கிறது,
போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை.
நின்ற பிறகும் காவல் சிலவேளை பாயுமாம்,
மாதங்கள் கழித்தும்.
பல்லுக்குப் போனாலும் முதலில் அட்டையைக் காட்டுகிறேன்.

சந்தியில் மண்மூட்டை இருந்த இடத்தில்
இப்போது ஐஸ்பழம் விற்கிறார்கள்.
பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், சத்தம் போட்டபடி.
கடக்கும்போது என் கை
தானாகப் பைக்குள் போகிறது.

இருக்கிறது.